"சேமிக்கப்பட்டது" என்று காட்டிய திரை

நான் ஒரு கூட்டத்தில் "ஓம்" என்று ஒத்துக்கொண்டதால் உடுப்பிட்டியில் ஒரு மனிதர் இரண்டு நாட்கள் வலியில் துடித்தார். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பூசி மெழுகுவதாகத்தான் இருக்கும்.

நான் மென்பொருள் எழுதுகிறவள். நல்லூரில் ஒரு ரியூஷன் நிலையத்துக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஏழு பேர் வேலை செய்கிறோம். கீழே இரசாயனவியல் வாத்தியார் ஒலிவாங்கியில் கத்துவது எங்கள் கூட்டங்களிலெல்லாம் கேட்கும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு அமைப்பு எங்களிடம் வந்தது. இனி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பயனில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளர்களை அந்த அமைப்பின் தாதிகள் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார்கள். ஆறு தாதிகள், ஒரு டொக்டர், கிட்டத்தட்ட இருநூறு நோயாளர்கள். எல்லாக் குறிப்பும் கொப்பிகளில் இருந்தது. ஒரு தாதி லீவில் நின்றால் அவருடைய கொப்பியும் லீவில் நிற்கும். அதற்குப் பதிலாக ஒரு செயலி வேண்டும் என்றார்கள். வடிவமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

எழுதத் தொடங்குமுன் ஒரு கிழமை தாதிகளோடு சுற்றினேன். பெரும்பாலும் அவர்களில் மூத்தவரோடு. அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவர், எல்லோரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டுவார். நான் பின்னால் இருந்தேன். வடமராட்சிப் பக்கம் சில குறுகிய ஒழுங்கைகளுக்குள் போனால் போனில் கவரேஜ் ஒரு கோடுகூட வராது. காலையில் புறப்பட்ட தாதி மத்தியானம் பிரதான வீதிக்கு ஏறும்வரை அவர் எழுதியது அவருடைய கொப்பிக்குள்தான் கிடக்கும். கொப்பிக்குப் பதில் டேப்லெட் கொடுத்தாலும் அதற்குள்தான் கிடக்கும். அதே நேரத்தில் டொக்டர் கிளினிக்கில் இருந்து அதே நோயாளரின் மருந்தை மாற்றுவார். இரண்டு பேரும் ஒருவர் எழுதியதை ஒருவர் காணாமலே எழுதுவார்கள். ஒரு கிழமையில் இதை நான் ஐந்து தடவை கண்ணால் பார்த்தேன்.

திரும்பி வந்து ஆறு பக்கத்தில் ஒரு அறிக்கை எழுதினேன். தகவலை வைத்து எடுக்கும் இடத்தைத் தரவுத்தளம் என்போம். அதில் பழைய வகை, பள்ளிக்கூட வரவு இடாப்பு மாதிரிக் கட்டம் போட்டது. எல்லோருக்கும் ஒரே கட்டம். எங்கள் நோயாளர்களுக்கு அது சரிவராது. ஒருவருக்குப் புண்ணின் அளவை எழுதவேண்டும், இன்னொருவருக்கு உணவுக் குழாய் மாற்றிய நாளை, வேறொருவருக்கு ஒட்சிசன் எவ்வளவு நேரம் வைத்தது என்பதை. ஆகவே கட்டம் போடாத வகை ஒன்று தேவை. தொழிலில் அதை நோஎஸ்க்யூஎல் என்பார்கள். இதில் எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் நோஎஸ்க்யூஎல் என்பது ஒரு பொருளின் பெயரல்ல. வாகனம் என்று சொல்வதைப் போன்றது. லொறியும் வாகனம்தான், சைக்கிளும் வாகனம்தான். நான் கேட்டது ஒவ்வொரு நோயாளரையும் ஒரு முழு ஆவணமாக வைத்திருக்கும் வகையை. கவரேஜ் இல்லாமலும் அது டேப்லெட்டுக்குள் வேலை செய்யும். ஒரே ஆவணத்தை இரண்டு பேர் மாற்றியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, "இதில் எது சரி?" என்று மனிதரிடம் கேட்கும். கடைசி வரியை நான் தடித்த எழுத்தில் போட்டேன்.

அமைப்பின் ஆலோசனைக் குழுவில் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், இப்போது வெளிநாட்டில் ஒரு பெரிய மென்பொருள் கொம்பனியில் உயர்ந்த பதவி. தொழில்நுட்ப முடிவுகளை அவர்தான் எடுப்பார் என்று முதலே சொல்லியிருந்தார்கள். கூட்டத்தன்று காணொளி அழைப்பில் திரையில் வந்தார். பின்னால் புத்தக அலுமாரி. என் அறிக்கையை வாசித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"தங்கச்சி, நல்லா எழுதியிருக்கிறியள். ஆனா சின்னனா யோசிக்கிறியள்."

"இருநூறு பேர்தானே அண்ணை."

"இண்டைக்கு இருநூறு. நாளைக்கு முழு இலங்கை. பேந்து மலேசியா, ஆபிரிக்கா. அப்ப என்ன செய்வியள்? முதலிலையிருந்து எழுதுவியளோ?"

அவர் வேறொரு வகையைச் சொன்னார். நூற்றுக்கணக்கான இயந்திரங்களில் பரவிக்கிடந்து, கோடிக்கணக்கான பதிவுகளை நொடியில் விழுங்கும் வகை. அவருடைய கொம்பனியில் அதைத்தான் பாவிக்கிறார்களாம். எந்த ஆள் எந்த விளம்பரத்தை எத்தனை செக்கன் பார்த்தார் என்று குறித்துவைப்பது அவர்களின் வேலை.

"ஒரே நோயாளரை ரெண்டு பேர் மாத்தினா என்ன நடக்கும் அண்ணை?"

"கடைசியா எழுதினது நிக்கும். மற்றது போகும். சிம்பிள்."

"கடைசி எண்டு எந்த மணிக்கூட்டை வைச்சுச் சொல்லுறது? கவரேஜ் இல்லாத இடத்திலை டேப்பின்ரை மணிக்கூடுதானே?"

சிரித்தார். "இந்தக் காலத்திலை மணிக்கூடு பிழைக்கிற டேப் எங்கை இருக்கு? பெரிய கொம்பனியள் பாவிக்கிற சாமானை நாங்கள் கொண்டுவந்து தாறம், நீங்கள் வேண்டாம் எண்டு நிக்கிறியள்."

எங்கள் முதலாளி மேசைக்குக் கீழே என் காலில் தட்டினார். கூட்டத்தில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு கிழமையும் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றியது நான். ஆறு பக்கம் எழுதியதும் நான். என்னிடம் காரணம் இருந்தது. அவரிடம் கொம்பனியின் பெயரும் புத்தக அலுமாரியும் இருந்தன. நான் "ஓம் அண்ணை" என்றேன்.

பிறகு அதை எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பிடிக்காத வேலையைக் கவனமாகச் செய்து முடிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு. மாற்றம் ஒன்றைச் செய்து அனுப்பியதும் ஒரு பச்சை அடையாளமும் பக்கத்தில் "சேமிக்கப்பட்டது" என்ற சொல்லும் வரும். அந்தச் சொல்லைத் தெரிவு செய்தது நான். "அனுப்பப்பட்டது" என்று போட்டிருந்தாலாவது கொஞ்சம் நேர்மையாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதே சரி. பின்னர் பதிவேடுகளைத் தோண்டியபோது சத்தமில்லாமல் காணாமற்போன மாற்றங்கள் பலவற்றைக் கண்டேன். ஒரு பஞ்சுக்கட்டின் அளவு, ஒரு தொலைபேசி இலக்கம், "இரவில் நித்திரை இல்லை" என்ற ஒரு குறிப்பு. அவற்றால் யாரும் கத்தவில்லை, ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

உடுப்பிட்டியில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. முள்ளந்தண்டுவரை பரவிவிட்ட நோய். வலிக்கு மோர்பின் பாணியை வாயால் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்துவந்தது நான் சொன்ன அந்த மூத்த தாதி. ஒருநாள் அவருடைய டேப்லெட்டின் பற்றரி முற்றாக இறங்கி, திரும்ப ஏற்றியபோது திகதி எங்கோ பழைய வருடத்துக்குப் போய்விட்டது. செயலி திறக்க மறுத்தது. அந்த இடத்தில் கவரேஜ் இல்லை. அவர் கையால் திகதியைப் போட்டார். பன்னிரண்டைப் போடவேண்டிய இடத்தில் விரல் தவறிப் பதினைந்து விழுந்தது. செயலி திறந்தது. வேலை நடந்தது. இதில் அவர் செய்த பிழை என்ன என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. சாரதிக்கு வலி கூடியிருந்தது. தாதி அதைப் பதிந்தார். பழைய மருந்துப் பட்டியலும் அதோடு சேர்ந்து பதியப்பட்டது, எதிர்வரும் வெள்ளிக்கிழமைத் திகதியோடு. வீதிக்கு ஏறியதும் டொக்டரைப் போனில் பிடித்துச் சொன்னார். டொக்டர் அன்று பின்னேரம் கிளினிக் கணினியில் பாணியின் அளவைக் கூட்டினார். பச்சை அடையாளம் வந்தது. "சேமிக்கப்பட்டது." அவர் ஒரு பயிற்சிக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டுப் போனார்.

தரவுத்தளம் இரண்டையும் பார்த்தது. ஒன்றில் வெள்ளிக்கிழமை, மற்றதில் செவ்வாய்க்கிழமை. பிந்தியது வெள்ளி. டொக்டர் எழுதியதை எறிந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அது பிழையாக வேலை செய்யவில்லை. எதற்காகச் செய்யப்பட்டதோ அதை அச்சொட்டாகச் செய்தது. விளம்பரம் பார்த்தவர்களின் கணக்கில் ஒன்று தவறினால் யாருக்கு என்ன?

புதன்கிழமை தாதி போய்ப் பார்த்தபோது பட்டியலில் பழைய அளவே இருந்தது. டொக்டர் யோசித்துத்தான் கூட்டாமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தார். போன் எடுத்தார், பயிற்சி வகுப்பில் இருந்தவரின் போன் நிறுத்தியிருந்தது. மோர்பினைத் தாதி தன்பாட்டில் கூட்ட முடியாது. அவர் அங்கேயே நெடுநேரம் இருந்து, முதுகில் தடவிக் கொடுத்து, வேறு வழியில்லாமல் எழும்பி வந்திருக்கிறார். வியாழன் காலை சாரதியின் மனைவி அழுதபடி தாதிக்குப் போன் எடுத்தார். அதன்பிறகுதான் தாதிக்கு டொக்டர் கிடைத்தார்.

"நான் செவ்வாய்க்கிழமையே கூட்டிப்போட்டன் மிஸி. ஏன் குடுக்கேல்லை?"

தாதி அடுத்ததாக எனக்கு எடுத்தார். சத்தம் போடவில்லை. "பிள்ளை, டொக்டர் மாத்தினது எங்கை போனது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். பார்த்தேன். கண்டுபிடிக்க இருபது நிமிடம் போகவில்லை. எங்கே தேடவேண்டும் என்று எனக்கு எட்டு மாதமாகத் தெரியும்.

அன்று மத்தியானம் உடுப்பிட்டிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. புதிய அளவு கொடுத்துச் சாரதி நித்திரையாகியிருந்தார். மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் தேத்தண்ணி வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை.

"றோட்டிலை மாடு படுத்துக்கிடந்தாலும் ஹோர்ன் அடிக்காத மனிசன் பிள்ளை," என்றார். "இறங்கிப்போய் எழுப்பிவிட்டிட்டு வந்து ஓட்டுவார். அந்த மனிசன் தலையணை உறையைக் கடிச்சுக் கிழிச்சும் அடக்கேலாமல் கத்தினதைக் கேட்டு அயலட்டை முழுக்க வந்து நிண்டது. எல்லாருக்கும் முன்னாலை கத்தவேண்டி வந்திட்டுதே எண்டுதான் அவருக்கு இப்ப வெக்கம்."

"அம்மா, பிழை எங்கடை பக்கம். டொக்டர் மருந்தைக் கூட்டினவர். அது மிஸியின்ரை டேப்புக்கு வந்து சேரேல்லை."

"கம்பியூட்டர் பிழையோ?"

"இல்லை அம்மா. அதைச் செய்த ஆக்களின்ரை பிழை. நானும் அதிலை ஒராள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப மிஸியை ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார். "அவவும் இதிலை இருந்து அழுதவ."

மிஸியைச் சொல்லத்தான் போகிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாளே எங்கள் அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அமைப்பின் தலைவர் ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், தெல்லிப்பழையிலிருந்து வந்திருந்தார். தாதியையும் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல சேலை ஒன்று உடுத்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சோதனை எழுத வந்த பிள்ளைபோல நுனிக்கதிரையில் இருந்தார். திரையில் அண்ணை வந்தார். அதே அலுமாரி. ஒரு சிலைட்டைக் காட்டினார். அதன் தலைப்பு, "பயனர் தவறு".

"சிஸ்டம் டிசைன் பண்ணின மாதிரித்தான் வேலை செய்திருக்கு. டேப்பின்ரை திகதியைக் கையாலை மாத்தினதுதான் பிரச்சினை. மிஸியைக் கொஞ்ச நாளைக்கு வெளிவேலையிலை இருந்து நிப்பாட்டுவம். மற்ற ஆக்களுக்கு ஒரு ட்ரெய்னிங் வைப்பம்."

முப்பது வருடம் நோயாளரைத் தூக்கிப் புரட்டிய அந்தப் பெண் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது சிவந்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் முதலாளியின் கால் வந்து தட்டியது. காலை இழுத்துக்கொண்டேன்.

பையில் இரண்டு டேப்லெட் கொண்டுவந்திருந்தேன். இரண்டையும் தலைவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். ஒன்றில் திகதியை மூன்று நாள் கூட்டிப் போட்டேன்.

"ஐயா, இதிலை ஒரு ஆளை எழுதுறன். மருந்து அஞ்சு மில்லி. அனுப்புறன். பாருங்கோ, சேமிக்கப்பட்டது. இப்ப மற்ற டேப்பிலை, இதுக்குப் பிறகு, நீங்கள் பாத்துக்கொண்டிருக்க, ஏழரை மில்லி எண்டு மாத்துறன். பாருங்கோ, இதுக்கும் சேமிக்கப்பட்டது எண்டு வருது. இப்ப ரெண்டையும் திருப்பித் திறவுங்கோ."

தலைவர் தன் கையாலேயே திறந்தார். இரண்டிலும் ஐந்து.

"ஏழரை எங்கை?" என்றார்.

"இல்லை ஐயா. அழிஞ்சிட்டுது. டொக்டரிட்டைச் சொல்லேல்லை, மிஸியிட்டைச் சொல்லேல்லை. பச்சை அடையாளம் மட்டும் காட்டினது."

திரையில் இருந்து குரல் வந்தது. "தங்கச்சி, அது ஒரு எட்ஜ் கேஸ். எப்பவாவது நடக்கிறது."

"எட்ஜ் கேஸ் இல்லை அண்ணை. அவர் உடுப்பிட்டியிலை இருக்கிற ஒரு மனிசன். எப்பவாவது இல்லை, எட்டு மாசமா நடந்திருக்கு, லிஸ்ட் என்னட்டை இருக்கு. மணிக்கூடு பிழைக்கும் எண்டு நான் இதே மேசையிலை இருந்து கேட்டனான். நீங்கள் சிரிச்சனியள். நான் வாயை மூடினனான். அது என்ரை பிழை, அதை எழுதித் தாறன். ஆனா மிஸியின்ரை பேரை அந்தச் சிலைட்டிலை இருந்து எடுங்கோ. இப்பவே எடுங்கோ."

கீழே இரசாயனவியல் வாத்தியார் என்னைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார். என் கோபத்துக்குக்கூட அந்தக் கட்டடத்தில் ஒழுங்கான இடம் கிடைக்கவில்லை.

தலைவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இது திரும்ப நடக்குமோ பிள்ளை?"

"ஓம் ஐயா. உந்தச் சாமான் இருக்கும்வரைக்கும் நடக்கும்."

"அப்ப மாத்துங்கோ."

தாதி அடுத்த நாளே வேலைக்குப் போனார். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. நான் கேட்டபோது, "நீங்கள் கேட்டு என்ன பிள்ளை செய்யிறது" என்று ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தார். அது மன்னிப்பா, குத்தலா என்று இன்றுவரை விளங்கவில்லை. இரண்டும் எனக்குத் தகும்.

மாற்றி எழுத மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதமும் மருந்து மாற்றினால் டொக்டர் போன் எடுத்துத் தாதியிடம் வாயால் சொல்லவேண்டும் என்று ஒழுங்கு செய்தோம். புதியது, என் ஆறு பக்க அறிக்கையில் இருந்த அதே ஆவண வகை. ஒரு வரிகூட நான் மாற்றவில்லை. அது தொடங்கிய முதல் கிழமையிலேயே சாவகச்சேரிப் பக்கத்து நோயாளர் ஒருவருக்கு இரண்டு அளவுகள் வந்தன. இரண்டையும் மஞ்சள் பெட்டிக்குள் காட்டி, எது சரி என்று அது கேட்டது. தாதி டொக்டருக்குப் போன் எடுத்துக் கேட்டு, சரியானதைத் தொட்டார். அவ்வளவுதான். ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட எடுக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்காகத்தான் ஒரு மனிதர் தலையணை உறையைக் கடித்துக் கிழித்தார் என்று நினைத்தபோது எனக்கு மேசையைப் புரட்டவேண்டும் போல இருந்தது.

சாரதி அதற்குள் இறந்துவிட்டார். வலியில்லாமல், ஒரு மத்தியானம், மனைவி பக்கத்தில் இருக்கத்தான் போனாராம். செத்தவீட்டுக்குப் போனேன். பழைய சாரதிமாரும் கொண்டக்டர்மாரும் வெளியே பந்தலில் நிறைந்திருந்தார்கள். மனைவி என் கையைப் பிடித்தார், அந்த இரண்டு நாட்களைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அண்ணை குழுவிலிருந்து விலகினார். நேரமில்லையாம். எல்லோருக்கும் நன்றி சொல்லி நீளமான மின்னஞ்சல் ஒன்று அனுப்பினார். போன மாதம் ஒருவர் எனக்கு ஒரு காணொளி அனுப்பினார். வெளிநாட்டில் ஏதோ மாநாடு. அண்ணை மேடையில் நிற்கிறார். "உங்கள் செயலிக்குச் சரியான நோஎஸ்க்யூஎல் எது?" என்று தலைப்பு. தொழில்நுட்பத்தைத் தெரிவு செய்யுமுன் களத்துக்குப் போகவேண்டும், பாவிக்கிறவர்களோடு இருந்து பார்க்கவேண்டும் என்கிறார். இலங்கையின் வடக்கே ஒரு மருத்துவத் திட்டத்தில் தன்னுடைய குழு இதைக் கண்டுபிடித்ததாம். சனம் கைதட்டுகிறது. சாரதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாதியைப் பற்றியும் இல்லை.

அவருக்கு நான்கு வரி எழுதினேன். அந்தக் களத்துக்கு நீங்கள் ஒருநாளும் வரவில்லை. போனவர்களின் பேச்சை நீங்கள் கேட்கவில்லை. அங்கே ஒருவர் உங்களுடைய முடிவாலும் என்னுடைய மௌனத்தாலும் வதைபட்டார். அடுத்த மேடையில் அதையும் சொல்லுங்கள்.

மறுநாள் பதில் வந்தது. உயர்த்திய பெருவிரல் ஒன்று, மஞ்சள் நிறத்தில்.